காருக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

புருஷோத்தமனுக்குச் சகலை மேல் இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு நாகரிகமான பெயர் தேட வேண்டியதில்லை. அவன் மட்டும் அதை நியாயமான கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். சகலை அறிவுமதி, புருஷோத்தமனின் மனைவி மேனகாவுடைய தங்கை பாரதியைக் கட்டியவன். வயதில் இளையவன், வாய் நிறைய ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறவன். இந்த நிமிஷம் வரை அவன் புருஷோத்தமனுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்திருந்தால் எவ்வளவோ தேவலை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம்.

வீடு வாசலால் வந்த பொறாமை இல்லை இது. அறிவுமதி உழவர்கரையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலை பார்க்கிறான். புருஷோத்தமனுக்கு நெல்லித்தோப்பில் சொந்த வீடு, மார்க்கெட் பக்கத்தில் சொந்தமாக ஃபிளெக்ஸ் பேனர் கடை. காது குத்தினாலும் பேனர், கட்சியில் வட்டச் செயலாளர் ஆனாலும் பேனர், மூச்சு நின்றாலும் பேனர் என்று இருக்கிற ஊரில் அந்தத் தொழிலுக்கு என்ன குறை வரப்போகிறது? பொறாமை வந்தது கார் சர்வீஸ் சென்டரால். கேட்டால் சிரிப்பு வரும். அவனுக்கு வரவில்லை, வயிறு எரிந்தது.

இரண்டு பேரிடமும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் கார், ஒரே வெள்ளை. முதலில் வாங்கியவன் புருஷோத்தமன். மூலக்குளம் தாண்டி விழுப்புரம் ரோட்டில் இருக்கிற அந்த ஷோரூமுக்கு அறிவுமதியைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப்போய், இவர் நம்ம வீட்டுப் பிள்ளை, நல்லா கவனியுங்கள் என்று சொல்லி உட்கார வைத்தவனும் அவனே. அவர்களும் சொன்ன சொல்லைத் தட்டவில்லை. நன்றாகவே கவனித்தார்கள். சொன்னவனைத்தான் மறந்துவிட்டார்கள்.

அறிவுமதியின் கார் சர்வீஸுக்குப் போனால் மாலைக்குள் போன் வந்துவிடும். சார், வண்டி ரெடி, வீட்டுக்கே கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்பார்கள். கொண்டுவந்தும் விடுவார்கள். கண்ணாடி பளபளவென்று இருக்கும், உள்ளே வாசனை அடிக்கும், காலடியில் புதுக் காகிதம் விரித்திருக்கும். ஒரு தடவை டேஷ்போர்டில் ஒரு ரோஜாப்பூ கூட இருந்ததாம். அதைப் பாரதி தன் அக்காளுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பினாள். மேனகா அதைக் கணவனிடம் காட்டியிருக்க வேண்டாம். அவள் சாதாரணமாகத்தான் காட்டினாள்.

புருஷோத்தமன் கார் திரும்பி வந்த லட்சணம் வேறு. சீட்டை யாரோ நெட்டைக்காரன் பின்னால் தள்ளி வைத்திருப்பான். ஏசியைப் போட்டால் ஈரச் சாக்கு நாற்றம். கதவின் உள்பக்கம் கிரீஸ் கையின் பெருவிரல் பதிந்திருக்கும். ரேடியோ காது கிழிகிற அளவு சத்தத்தில் அலறும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், எந்தக் குறைக்காக விட்டானோ அந்தக் குறை அப்படியே இருக்கும். இடது முன் சக்கரத்தின் பக்கத்திலிருந்து, வேகத்தடை ஏறும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம். இறங்கும்போது இன்னொரு ‘டக்’.

வண்டிகளை வாங்கி வைத்து, குறை கேட்டு, பில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிற சர்வீஸ் அட்வைசர் முகிலன் என்று ஒருவன். எப்போது கேட்டாலும், ஓட்டிப் பார்த்தோம், சத்தம் வரவில்லை சார் என்பான். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் பல்வலி காணாமல் போகிற மாதிரி, அந்தக் கேட்டுக்குள் நுழைந்ததும் வண்டி வாயை மூடிக்கொள்ளும். புருஷோத்தமன் விடவில்லை. ஓட்டிக்கொண்டே சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு போனான். போட்டுக் காட்டினால் அதில் ‘டக்’ விழவில்லை, அவன் முகிலனைத் திட்டிக்கொண்டே ஓட்டியதுதான் தெளிவாக விழுந்திருந்தது. முகிலன் கடைசி வரை பொறுமையாகக் கேட்டான்.

ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கும்படி ஆகிவிட்டது. ஏசி போட்ட கண்ணாடி அறையில் சோபாவின் இந்த முனையில் புருஷோத்தமன், அந்த முனையில் அறிவுமதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தன. முகிலன் உள்ளே வந்தான். தன்னைத்தான் பார்க்க வருகிறான் என்று நினைத்துப் புருஷோத்தமன் பாதி எழுந்துவிட்டான். முகிலன் அவனைத் தாண்டிப் போய், “அறிவு சார், டீ சொல்லட்டா, காபியா?” என்றான். பாதி எழுந்தவன் என்ன செய்வான்? பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் போய்த் தேதி பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அறிவுமதி தன் காபியை அவனிடம் நீட்டி, குடிங்கண்ணா, நான் வேற வாங்கிக்கறேன் என்றான். அந்தக் காபியைக் குடித்தது அவனுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

அறிவுமதிக்கு மட்டும் ஏன் இந்த ராஜ மரியாதை என்று அவன் ஆராய்ச்சியில் இறங்கினான். கடையில் மவுஸைப் பிடித்துக்கொண்டே யோசிப்பான். கையில் ஏதாவது திணிக்கிறானோ என்று சந்தேகப்பட்டு, அடுத்த தடவை ஒதுங்கி நின்று பார்த்தான். அறிவுமதியின் கை பாக்கெட் பக்கமே போகவில்லை. முகிலன் சொந்தக்காரனாக இருப்பானோ என்று விசாரித்தான். அவன் பாகூர்ப் பக்கம், இவனுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புதிதாக வண்டி வாங்க ஆள் பிடித்துக் கொடுக்கிறானோ என்றால் அதுவும் கிடையாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதில், வண்டியை விடும்போது அறிவுமதி சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான் என்று தெரிந்தது. “நீங்க பாத்துச் செய்ங்க.”

இவ்வளவுதானா என்று புருஷோத்தமன் மறு தடவை அதே வாக்கியத்தைச் சொன்னான். சொன்னது என்னவோ அதேதான். முகிலனின் முகம் சுருங்கிப்போய்விட்டது. எதுக்கு சார் மிரட்டறீங்க என்று கேட்டான்.

அதோடு ஆராய்ச்சியை நிறுத்தியவன், புலம்பலை நிறுத்தவில்லை. காரில் ஏறினால் போதும், ஆரம்பித்துவிடுவான். மேனகா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். துணி வாங்கக் காந்தி வீதிக்குப் போகவேண்டும் என்று ஏறி உட்கார்ந்தால், தெரு முனை திரும்புவதற்குள் அறிவுமதி புராணம் தொடங்கும். அவன் அன்றைக்கு எப்படிச் சிரித்தான், முகிலன் எப்படிக் குனிந்தான், ரோஜாப்பூவை யார் வைத்திருப்பார்கள். கடை வாசலில் இறங்குகிற வரை நடக்கும், திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். மேனகா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவாள். அவள் ஒத்துக்கொள்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையின் காரில் போக ஆரம்பித்தாள். பாரதி நன்றாகக் கார் ஓட்டுவாள். அக்காளும் தங்கையும் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கோயில், கடை, கடற்கரை என்று சுற்றிவிட்டு வருவார்கள். வாசலில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்று, தன் பெண்டாட்டி அதில் சிரித்துக்கொண்டே ஏறுவதைப் பார்க்கிறபோது புருஷோத்தமனுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தன் கார் நிழலில் தூங்கிக்கொண்டிருக்கும்.

ஆடி பிறந்தது. வீராம்பட்டினத்தில் அம்மன் தேர். வருஷா வருஷம் குடும்பத்தோடு போகிற வழக்கம். தேருக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, பருப்பைத் தாளித்துக்கொண்டே மேனகா சொன்னாள்.

“தேருக்கு நான் பாரதி வண்டியில போயிடறேன். நீங்க பின்னால வாங்க.”

“ஏன், நம்ம வண்டிக்கு என்ன?”

“உங்க வண்டியில ஒக்காந்தா எனக்குத் தலைய வலிக்குதுங்க.”

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த ‘டக் டக்’கால்தானே தலை வலிக்கிறது? அந்தச் சத்தத்தை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று அங்கேயே முடிவு செய்தான். தேருக்கு மேனகா தன் காரில்தான் வர வேண்டும். முன்சீட்டில், தன் பக்கத்தில். உறவெல்லாம் பார்க்கத் தன் வண்டியிலிருந்துதான் இறங்க வேண்டும். அது நடக்காவிட்டால் அப்புறம் கார் என்ன, கட்டைவண்டி என்ன?

மறுநாளே போய் முகிலனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊசுட்டேரி ரோடு வரை ஓட்டிக் காட்டினான். நல்ல காலம், வண்டி அன்றைக்கு ஒத்துழைத்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ‘டக்’ என்றது. முகிலனும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டான். முன் சக்கரத்துப் பக்கம் ஒரு சின்னக் கம்பி தேய்ந்திருக்கிறது, மாற்றினால் போதும், ஆனால் சரக்கு கையில் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும், ஆடி முடிந்துவிடும் என்றான். புருஷோத்தமன் கெஞ்சிப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாகப் பேசியது பெண் கேட்கப் போனபோதுதான். முகிலன் பார்க்கலாம் சார் என்று தலையை ஆட்டினான்.

ஐந்து நாள் கழித்து, சரக்கு வந்ததா என்று கேட்கப் போனவன் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு வெள்ளைக் காரைத் தூக்கி வைத்து, இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் புதுக் கம்பி ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தன் வண்டிதான் வாசலில் நிற்கிறதே, இது யாருடையது என்று எழுந்து நம்பரைப் பார்த்தான். அறிவுமதியின் நம்பர்.

முகிலனைப் பிடித்துக் கேட்டதற்கு, அறிவு சார் வண்டியில் இப்போதுதான் லேசாக ஆரம்பிக்கிற மாதிரி தெரிந்தது, அதிகமாவதற்குள் மாற்றிவிடலாம் என்று நாங்களே மாற்றுகிறோம், அவருக்கே இன்னும் தெரியாது சார் என்றான். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வேறு. வந்தது ஒரே ஒரு கம்பியாம்.

புருஷோத்தமன் வண்டியைக் கிளப்பினான். நேராகக் கடைக்கு வந்து, கம்ப்யூட்டரைத் திறந்தான்.

அஞ்சலி பேனர் போடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. நெல்லித்தோப்பில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தது அவன் எழுத்து வழியாகத்தான். முந்தின நாள் யாருக்கோ போட்ட பேனரை எடுத்து, இறந்தவர் படத்தை நீக்கி, அந்த வட்டத்துக்குள் தன் காரின் படத்தை வைத்தான். மாலை போட்டான். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே பெரிய எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. அதன் கீழே ‘அமரர்’ என்று போட்டு வண்டி நம்பர். ‘நல்லபடியாக உள்ளே சென்று இந்த சர்வீஸ் சென்டரில் உயிர் நீத்த எங்கள் அன்புக் காருக்கு. சத்தம் வரல சார் என்று இறுதி வரை ஆறுதல் கூறிய அனைவருக்கும் நன்றி.’ எழுதி முடித்து நாற்காலியில் சாய்ந்து படித்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் வயிறு குளிர்ந்தது.

கீழே ‘கண்ணீருடன்’ என்று போட்டு இடது பக்கம் தன் படத்தை வைத்தான். கையில் இருந்தது எப்போதோ எடுத்த பழைய பாஸ்போர்ட் படம். அதைப் பெரிதாக்கியதில் மூஞ்சி கலங்கிப்போய்த் தெரிந்தது. வலது பக்கம் காலியாக இருந்தது. சொந்தக்காரர் படம் இல்லாத அஞ்சலி மொட்டையாக இருக்கும், அது தொழிலுக்கே அசிங்கம். யாரை வைப்பது என்று அவன் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் அறிவுமதியின் படத்தை எடுத்தது. போன பிறந்தநாளுக்குப் போட்ட பேனரில் இருந்த படம், கூலிங்கிளாஸ், ரோஜா நிறச் சட்டை, கன்னத்தில் குழி. முறைப்படி சகலையும் இருக்கத்தானே வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அது பொய். இந்த பேனரில் இருந்துவிட்டால் அறிவுமதியும் அவர்களுக்கு ஆகாதவனாகிவிடுவான், ரோஜாப்பூ நின்றுபோகும். அதுதான் அவன் கணக்கு. கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டுக் கண்ணீரும் வைத்தான். நேரில் அறிவுமதியை அழவைக்க வழியில்லை, இதிலாவது அழட்டும் என்று நினைத்தான்.

மறுநாள் காலை கடையில் பேனர் கட்டுகிற பாவாடை என்பவன் அதைத் தூக்கிக்கொண்டு போய், சர்வீஸ் சென்டர் கேட்டுக்கு நேர் எதிரே இரண்டு கம்பத்துக்கு நடுவே இழுத்துக் கட்டினான். பாவாடைக்கு எழுத்து வாசனை கிடையாது. மாலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கட்டினான். புருஷோத்தமன் பக்கத்து டீக்கடையில் ஒரு மூலையில் டீயோடு உட்கார்ந்துகொண்டான். எதிரியின் அலறலைப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும் அல்லவா?

முதலில் ஆட்டோக்காரர்கள் படித்துச் சிரித்தார்கள். பஸ்ஸில் போனவர்கள் தலையை நீட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்குப் போனை நீட்டிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். கேட் காவலாளி வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினான். சர்வீஸ் மேனேஜர் வந்தார், பின்னாலேயே முகிலன் வந்தான். மேனேஜர் மேலே ‘கண்ணீர் அஞ்சலி’யையும் கீழே இருந்த படங்களையும் பார்த்தார், நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை. அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துப் புருஷோத்தமன் இன்னொரு டீ சொன்னான்.

“இவரு நம்ம அறிவுமதி சார்தானே?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார். அழுவற மாதிரி இருக்காரு சார்.”

“அந்தப் பக்கம் இருக்கறது யாரு?”

முகிலன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு புருஷோத்தமனின் படத்தைப் பார்த்தான். மாதக் கணக்காகத் தன் முன்னால் வந்து நின்ற மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தான். “தெரியல சார். யாரோ பெரியவரு. தவறினது இவரா இருக்கும்” என்றான்.

டீ கொதிக்கக் கொதிக்கப் புருஷோத்தமன் தொண்டையில் இறங்கியது. நாலு அடி தூரத்தில், உயிரோடு, கையில் கிளாஸோடு உட்கார்ந்திருக்கிறான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய், நான்தான்யா அது, நான் இன்னும் சாகல என்று சொல்லலாம். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போல இருந்தது. மேனேஜர் அதற்குள் அறிவுமதிக்குப் போன் போட்டு, சார், எங்கள் கேட்டுக்கு எதிரே அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறது, உங்கள் வீட்டுப் பெரியவர் தவறியது எங்களுக்குத் தெரியாது, ரொம்ப வருத்தமாக இருக்கிறது, எங்களால் என்ன ஆக வேண்டுமோ சொல்லுங்கள் என்று துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அறிவுமதி பள்ளிக்கூடத்திலிருந்து பைக்கில் பதறிக்கொண்டு வந்தான். இறங்குவதற்குள் மேனேஜர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முகிலன் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் திறந்து நீட்டினான். தன் காசில் அடித்து, தன் ஆளை வைத்துக் கட்டிய பேனருக்கு அங்கே அறிவுமதிக்கு மரியாதை நடந்துகொண்டிருந்தது. அறிவுமதி பேனரை அண்ணாந்து பார்த்தான். முதல் வரியைத் தாண்டிப் படித்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சுற்றும் முற்றும் தேடினான். டீக்கடை மூலையில் புருஷோத்தமனைக் கண்டதும் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணா, மேனேஜர் சொன்னத கேட்டு உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சின்னு ஓடியாரேன். வண்டி இன்னும் சரியாகலன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

ஏளனமாகச் சிரித்திருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பான். அந்தப் பாசத்தைத்தான் புருஷோத்தமனால் தாங்க முடியவில்லை. அறிவுமதி அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், இவர் எங்க அண்ணன், இவர் சொல்லித்தான் நான் உங்களிடம் வண்டியே வாங்கினேன் என்றான். முகிலன் கம்பி சமாச்சாரத்தைச் சொன்னதும், வீட்டில் நிற்கிற என் வண்டியைக் கொண்டுவந்து அதில் மாட்டினதைக் கழற்றி இவர் வண்டியில் மாட்டுங்கள், இவருடைய பழையதை எனக்குப் போடுங்கள், நான் ஆடி முடிந்து வருகிறேன் என்றும் சொன்னான். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. முகிலனே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். ஒரே மதியத்தில் ‘டக்’ ஒழிந்தது. ஏசி நாற்றமும் போனது. கதவில் இருந்த விரல் தடத்தைக் கூடத் துடைத்துவிட்டார்கள். சாயங்காலம் பாவாடை வந்து பேனரை அவிழ்த்தான். புருஷோத்தமன் எல்லோருக்கும் தேங்க்ஸ் சொன்னான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. எப்படி வந்தால் என்ன, வண்டி சரியாகிவிட்டது. அறிவுமதியின் கம்பிதான் உள்ளே இருக்கிறது என்பது அவ்வப்போது சுருக்கென்று குத்தினாலும், அதை வெளியிலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள்? தேரன்றைக்கு மேனகா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பட்ட அவமானத்துக்கெல்லாம் ஈடாகிவிடும்.

தேர் நாளான வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவனே காரைக் கழுவினான். வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தி, ஏசியைப் போட்டு வைத்தான். பாரதியும் அறிவுமதியும் தங்கள் காரில் வந்து பின்னால் நின்றார்கள். மேனகா பச்சைப் பட்டில், தலை நிறையப் பூவோடு வெளியே வந்தாள். அவன் ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தான்.

“ஏறு. ஊருக்குப் போற வரைக்கும் ஒரு சத்தம் வராது.”

அவள் ஏறவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். குடும்ப குரூப்பில் யாரோ போட்டிருந்த படம். கண்ணீர் அஞ்சலி பேனர்தான். ஊர் முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில் அவளிடமும் வந்திருந்தது. அதை விரலால் விரித்துப் பெரிதாக்கி அவன் முன்னால் காட்டினாள்.

“இதுல என் படம் எங்க?”

புருஷோத்தமன் படத்தைப் பார்த்தான். தான் இருந்தான், அறிவுமதி இருந்தான். இடம் இல்லாமல் இல்லை, இரண்டு படத்துக்கும் நடுவில் தாராளமாக இருந்தது.

“நம்ம கார் செத்தா உங்ககூட சேந்து அழறதுக்கு உங்களுக்கு ஞாபகம் வந்த ஆளு அவருதான்” என்றாள் மேனகா. குரலை உயர்த்தவில்லை, வாசலில் நின்று பேசுகிற குரலில்தான் பேசினாள். “அந்த டக்குனால தலை வலிக்குதுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? ஏறுனதுலேர்ந்து எறங்கற வரைக்கும் அறிவுமதி, அறிவுமதி, அறிவுமதி. என் பொடவ என்ன கலருன்னு ஒரு நாளு கேட்டிருப்பீங்களா? அவங்க வண்டியில போனா என்கிட்ட பேசறாங்க. அதுக்குத்தான் போறேன்.”

பிறகு அவள் பின்னால் போனாள். ஜன்னல் வழியாகக் குனிந்து தங்கையிடம் ஏதோ சொன்னாள். அறிவுமதி இறங்கினான். கொஞ்சம் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு வந்து, அண்ணி உங்ககூட என்னை வரச் சொன்னாங்கண்ணா என்று சொல்லி, திறந்தே இருந்த கதவு வழியாக முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான். பாரதி ஓட்டுகிற இடத்துக்கு மாறினாள், மேனகா அவள் பக்கத்தில் ஏறினாள். அந்தக் கார் இவர்களை முந்திக்கொண்டு கிளம்பியது.

மரப்பாலம் தாண்டிக் கடலூர் ரோட்டில் போகும்போது தேருக்குப் போகிற கூட்டத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அறிவுமதி காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினான். முன்னால் போன வெள்ளைக் கார் முருங்கப்பாக்கத்து வேகத்தடையில் ஏறியது. ‘டக்’ என்று கேட்டது. இறங்கும்போது இன்னொரு தடவை கேட்டது. அதற்குள்ளே மேனகா தங்கையின் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பேசி அவன் பார்த்து எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. அந்தப் பேச்சின் மேல், அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பாரதியின் மேல், அவனுக்குப் பொறாமை வந்தது. சகலை மேல் வந்ததெல்லாம் இதன் கால் தூசு பெறாது.

அவன் காரும் அதே வேகத்தடையில் ஏறி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை.

“வண்டி சூப்பரா இருக்குதுண்ணா” என்றான் அறிவுமதி.

“ம்” என்றான் புருஷோத்தமன். அரியாங்குப்பம் வரும் வரை வேறு எதுவும் பேசவில்லை. காரில் ஏறினால் அவனுக்குப் பேச இருந்தது ஒரே ஒரு விஷயம்தான். அதை அறிவுமதியிடமே எப்படிப் பேசுவது?